வாசகர் கேள்வி-பதில்: வண்டி உங்கள் பேரில், ஓட்டியவருக்கு லைசென்ஸ் இல்லை

இந்த முறை கொங்குப் பகுதியிலிருந்து வந்த கடிதங்களில் அதிகமும் லைசென்ஸைப் பற்றியவை. "எவ்வளவு அபராதம்?" என்றுதான் எல்லாரும் தொடங்குகிறார்கள். அபராதத்தை ஒரு மாதச் சம்பளத்தில் கட்டிவிடலாம். தோட்டத்தை விற்றுக் கட்ட வேண்டிய தொகை ஒன்று பின்னால் வரக்கூடும். அதைக் கேட்டவர்கள் குறைவு. அதனால் சில பதில்கள் நீளமாகப் போயிருக்கின்றன.

பையனுக்கு 17 வயசு நடக்குதுங்க. பள்ளிக்கூடம் போறதுக்கு முன்னால எக்ஸ்.எல். வண்டில கேனைக் கட்டி சொசைட்டிக்குப் பால் கொண்டுபோய் ஊத்திட்டு வர்றான். வண்டி எங்க மாமனார் பேர்ல இருக்குது. போலீஸ் புடிச்சா ஐயாயிரம் கட்டினா முடிஞ்சுதுங்களா?
*— ஒரு வாசகி, அவிநாசி வட்டாரம்*

முடியாதும்மா. நீங்கள் சொல்லும் 5,000 ரூபாய், 18 வயது நிரம்பியவர் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டிப் பிடிபட்டால் கட்டுவது. மோட்டார் வாகனச் சட்டம் 181-ஆம் பிரிவு அதற்கு மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் உயர்த்திய கட்டணப்படி அந்த 5,000-ஐக் கட்டி, கோர்ட்டுக்குப் போகாமலே முடித்துக்கொள்ளலாம்.

உங்கள் பையன் விஷயத்தில் வருவது 199-ஏ பிரிவு. 2019 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. இதில் குற்றவாளிக் கூண்டில் நிற்பவர் பையனின் காப்பாளர், அல்லது வண்டியின் உரிமையாளர். மூன்று ஆண்டு வரை சிறை, அத்துடன் 25,000 ரூபாய் அபராதம். 'அல்லது' இல்லை, 'அத்துடன்'. வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்தாகும். பையனுக்கு 25 வயது ஆகும்வரை எல்.எல்.ஆர். (பழகுநர் லைசென்ஸ்) கூடக் கிடைக்காது. ரோட்டிலேயே பணம் கட்டி முடித்துக்கொள்ளும் குற்றங்களின் பட்டியலில் இந்தப் பிரிவு கிடையாது. கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். பையன் மேலான நடவடிக்கை தனியாக இளைஞர் நீதி வாரியத்துக்குப் போகும்.

"எனக்குத் தெரியாமல் எடுத்துப் போய்விட்டான்" என்று உங்கள் மாமனார் சொல்லலாம். சட்டமும் அந்த வாதத்துக்கு இடம் வைத்திருக்கிறது. ஆனால் தெரிந்தே கொடுத்தார் என்றுதான் கோர்ட் முதலில் எடுத்துக்கொள்ளும். தெரியாது என்பதை அவர்தான் நிரூபிக்க வேண்டும். சாவி திண்ணை ஆணியில் தொங்குகிறது, சொசைட்டிப் புத்தகத்தில் தினமும் காலையில் உங்கள் வீட்டுப் பால் வரவாகிறது என்றால், அந்த வாதம் நிற்காது.

"எக்ஸ்.எல். சின்ன வண்டிதானே, அதுக்கு 16 வயசு போதுமாமே" என்று ஊரில் சொல்வார்கள். 16 வயதில் ஓட்டலாம் என்பது 50 சி.சி. வரையுள்ள வண்டிக்கு மட்டும், அதுவும் அதற்கான லைசென்ஸ் எடுத்த பிறகு. பழைய டி.வி.எஸ். 50 ஓடிய காலத்து வழக்கம் இன்னும் பேச்சில் நிற்கிறது. இப்போது விற்கும் எக்ஸ்.எல். 100 வண்டியின் எஞ்சின் 99.7 சி.சி. அதற்கு 18 வயது வேண்டும்.

அதுவரை பாலை யார் கொண்டுபோவது? லைசென்ஸ் உள்ள பெரியவர் யாராவது போகலாம். பையனேதான் போக வேண்டுமென்றால் மிதிவண்டி. மின்சார ஸ்கூட்டர் வாங்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். மோட்டாரின் திறன் 250 வாட்டுக்குக் கீழே, அதிகபட்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் கீழே, பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்கு மேல் போகாதது என்று அங்கீகாரச் சான்று பெற்ற வண்டிக்கு மட்டும் லைசென்ஸும் பதிவும் தேவையில்லை. கடையில் அந்தச் சான்றின் நகலைக் கேட்டு வாங்குங்கள். "வேகத்தைக் கொஞ்சம் ஏத்தி விட்டுடறோம்" என்று ஒயரைக் கழற்றிக் கொடுக்கும் கடைகள் உண்டு. கழற்றிய நிமிடமே அது மோட்டார் வாகனம் ஆகிவிடும்; 199-ஏ திரும்ப வந்து நிற்கும்.

18 முடிந்ததும் எல்.எல்.ஆர். போடுங்கள். மத்திய விதிப்படி ஒரு வகை வண்டிக்கு 150 ரூபாய், தேர்வுக்கு 50. எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும். எடுத்து 30 நாள் கழித்துத்தான் ஓட்டிக் காட்டும் தேர்வுக்குப் போக முடியும். அதற்கு ஒரு வகைக்கு 300, லைசென்ஸுக்கு 200. சேவைக் கட்டணம் தனி. விண்ணப்பத்தில் 'கியர் இல்லாதது' என்று மட்டும் குறித்துவிடாதீர்கள். எக்ஸ்.எல்.-க்கு அது போதும். நாளைக்கு அவன் கியர் பைக் எடுத்தால், அந்த வகைக்கு லைசென்ஸ் இல்லாதவன் என்ற கணக்கில்தான் வருவான்.

பனியன் கம்பெனி வெச்சிருக்கறேன். போன மாசம் எங்க டிரைவர் டீ குடிக்க இறங்கின நேரத்துல, கூட இருந்த ஹெல்ப்பர் பிக்-அப் வண்டியை நகர்த்தறேன்னு எடுத்து, ரோட்டோரம் நடந்து போனவரை இடிச்சுப் போட்டான். அவருக்குக் கால் எலும்பு முறிஞ்சிருக்குது. ஹெல்ப்பருக்கு லைசென்ஸ் கிடையாது. இன்சூரன்ஸ் நடப்புல இருக்குது. "டிரைவர்தான் ஓட்டினார்னு எழுதிக் குடுத்துடுங்க"ன்னு தெரிஞ்சவங்க சொல்றாங்க. என்ன பண்றது?
*— திருப்பூர் வாசகர்*

கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில்: அப்படி எழுதிக் கொடுக்காதீர்கள். ஹெல்ப்பர் மேல் வரும் வழக்கு, கவனக்குறைவாக ஓட்டியது (புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 281-ஆம் பிரிவு), கொடுங்காயம் ஏற்படுத்தியது (125), லைசென்ஸ் இல்லாதது. ஆளை மாற்றினால், அரசு ஊழியரிடம் பொய்த் தகவல் கொடுத்தது (217), குற்றவாளியை மறைத்தது (238) என்று உங்கள் மேலும் டிரைவர் மேலும் புது வழக்கு வரும். தவிர, இது மறையாது. அடிபட்டவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது எழுதிய ஏ.ஆர். காப்பியில் (விபத்துப் பதிவேட்டு நகல்) யார் ஓட்டியது என்று அவரோ கூட வந்தவரோ சொன்னது ஏறியிருக்கும். டீக்கடை எதிரே கேமரா இருக்கும். இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பும் புலனாய்வாளர் முதலில் தேடுவதே இந்த இரண்டைத்தான்.

இனி பணம். உங்கள் பாலிசியில் இரண்டு பாகம் உண்டு. உங்கள் வண்டிக்கு ஆன சேதம் ஒரு பாகம். ஓட்டியவருக்கு லைசென்ஸ் இல்லாததால் அந்தப் பணம் வராது. அதில் வாதாட அதிகம் இல்லை. மூன்றாம் நபருக்கு, அதாவது அடிபட்டவருக்குக் கொடுக்க வேண்டிய இழப்பீடு இன்னொரு பாகம். இங்கேதான் பலரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். "லைசென்ஸ் இல்லேன்னா இன்சூரன்ஸ் ஒரு பைசா தராது" என்பதும் தப்பு, "இன்சூரன்ஸ் இருக்குது, அவங்க பாத்துக்குவாங்க" என்பதும் தப்பு.

சட்டத்தின் 150-ஆம் பிரிவு (2022 ஏப்ரலுக்கு முன்பு இது 149) உரிய லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டினார் என்பதை இன்சூரன்ஸ் கம்பெனி எதிர்வாதமாக வைக்க இடம் கொடுக்கிறது. ஆனால் லைசென்ஸ் இல்லை என்று காட்டினால் மட்டும் போதாது. வண்டியின் உரிமையாளர் தெரிந்தோ அலட்சியமாகவோ அதை அனுமதித்தார் என்பதையும் கம்பெனிதான் நிரூபிக்க வேண்டும் என்று சுவரன் சிங் வழக்கில் 2004-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கம்பெனி நிரூபித்துவிட்டாலும் அடிபட்டவரைத் தெருவில் விட முடியாது என்பதால், "முதலில் நீ கொடு, பிறகு உரிமையாளரிடம் வசூல் செய்துகொள்" என்று மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் உத்தரவிடலாம். வழக்கறிஞர்கள் இதை 'பே அண்ட் ரெக்கவரி' என்பார்கள்.

அந்த 'ரெக்கவரி' எப்படி நடக்கிறது என்று தெரிந்தால்தான் இதன் கனம் புரியும். உங்கள் மேல் கம்பெனி புதிதாகக் கேஸ் போட்டு, வருடக்கணக்கில் நடத்தி, பிறகு வசூலிக்க வேண்டியதில்லை. நஞ்சப்பன் வழக்கில், அதுவும் 2004-தான், உச்ச நீதிமன்றம் வழியைச் சுருக்கிவிட்டது. அதே தீர்ப்பாயத்தில் அதே தீர்ப்பை வைத்து நிறைவேற்று மனு போட்டால் போதும். பணத்தை விடுவிக்கும் முன்பே முழுத் தொகைக்கும் உங்களிடம் ஈடு கேட்கலாம். இடித்த வண்டியை அந்த ஈட்டின் பகுதியாக ஜப்தி செய்யலாம். நீங்கள் கட்டாவிட்டால் உங்கள் பேரில் உள்ள மற்ற சொத்துக்கு வருவார்கள். கால் எலும்பு முறிந்து, சில மாதம் வேலைக்குப் போக முடியாமல், கொஞ்சம் நிரந்தர ஊனமும் நின்றுவிட்டால், இழப்பீடு உங்கள் பிக்-அப்பின் விலையைத் தாண்டவும் கூடும்.

உங்களுக்குச் சாதகமானது ஒன்று உண்டு. வண்டிக்கு லைசென்ஸ் உள்ள டிரைவரை வைத்திருந்தீர்கள். ஹெல்ப்பர் உங்கள் அனுமதி இல்லாமல் எடுத்தான். இதை நிரூபிக்க இப்போதே காகிதம் சேருங்கள்: டிரைவரின் லைசென்ஸ் நகல், அவரை டிரைவராகக் காட்டும் சம்பளப் பதிவேடு, ஹெல்ப்பரின் பெயர் வேறு வேலையில் இருக்கும் பதிவேடு, அன்றைய டிரிப் ஷீட். "சாவியை வண்டியிலேயே விட்டுட்டு இறங்கினதே அலட்சியம்தானே" என்று கம்பெனி வக்கீல் கேட்பார். டிரைவர் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினாரா, ஹெல்ப்பர் இதற்கு முன்பும் வண்டியை நகர்த்தியது உண்டா என்ற இரண்டு கேள்விகளில்தான் உங்கள் வழக்கு தொங்குகிறது. டிரைவர் சாட்சிக் கூண்டில் என்ன சொல்வார் என்பதை உங்கள் வக்கீல் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.

தீர்ப்பாயத்தில் இருந்து சம்மன் வந்தால் போகாமல் இருக்காதீர்கள். மனுவில் உரிமையாளர் முதல் எதிர்மனுதாரர், இன்சூரன்ஸ் கம்பெனி இரண்டாவது என்று போடுவது வழக்கம். "இன்சூரன்ஸ் வக்கீல் வருவார்" என்று நம்பி, முதல் எதிர்மனுதாரர் எக்ஸ்-பார்ட்டி (ஆஜராகாதவர்) ஆகிவிடுவது இந்த வழக்குகளில் அடிக்கடி நடக்கும் தவறு. உங்களுக்கும் கம்பெனிக்கும் இந்த இடத்தில் நலன் வேறுவேறு. அவர்கள் வக்கீல் உங்களுக்காகப் பேச மாட்டார். ஓட்டியவரின் லைசென்ஸைத் தாக்கல் செய்யச் சொல்லி அவர்கள் உங்களுக்கு நோட்டீஸ் அனுப்புவார்கள். அதற்குப் பதில் சொல்லாமல் விட்டால் அந்த மௌனமே உங்களுக்கு எதிராகப் போகும். அடுத்ததாக ஆர்.டி.ஓ. அலுவலக ஊழியரைச் சாட்சியாக அழைத்து, ஹெல்ப்பர் பேரில் லைசென்ஸ் இல்லை என்று பதிவு செய்துவிட்டால் அவர்கள் வேலை முடிந்தது. தீர்ப்பு உங்களுக்கு எதிராக வந்தால் 90 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். 25,000 ரூபாய் அல்லது தீர்ப்புத் தொகையில் பாதி, இரண்டில் எது குறைவோ அதை முதலில் கட்ட வேண்டும்.

இதற்கிடையே, லைசென்ஸ் இல்லாதவரை ஓட்ட அனுமதித்தார் என்று 180-ஆம் பிரிவில் உங்கள் மேலும் வழக்கு வரக்கூடும். மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய், அல்லது இரண்டும். "கட்டிவிட்டால் தொல்லை விட்டது" என்று யோசிக்காமல் கட்டிவிடாதீர்கள். அந்த ரசீது, 'அனுமதித்தேன்' என்று நீங்களே ஒப்புக்கொண்டதாகத் தீர்ப்பாயத்தில் உங்களுக்கு எதிராக நீட்டப்படும். வக்கீலைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

பொள்ளாச்சியில் இருந்து கேரளாவுக்குத் தேங்காய் லோடு அடிக்கிறேன். பொலேரோ பிக்-அப். என்னிடம் கார் லைசென்ஸ்தான் உள்ளது, பேட்ஜ் கிடையாது. பிடித்தால் லைசென்ஸ் இல்லாத கேஸ் ஆகுமா?
*— ஒரு வாகன ஓட்டுநர்*

ஆகாது. மொத்த எடை 7,500 கிலோவைத் தாண்டாத வண்டியை, அது மஞ்சள் போர்டு சரக்கு வண்டியாகவே இருந்தாலும், இலகு ரக வாகன லைசென்ஸில் ஓட்டலாம். பேட்ஜோ, சரக்கு வண்டிக்கென்று லைசென்ஸில் தனிப் பதிவோ (எண்டார்ஸ்மென்ட்) தேவையில்லை. 2017-இல் முகுந்த் தேவாங்கன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைச் சொன்னது. இன்சூரன்ஸ் கம்பெனிகள் விடாமல் வழக்காடி அதை ஐந்து நீதிபதிகள் அமர்வு வரை கொண்டுபோயின. 2024 நவம்பர் 6 அன்று ரம்பா தேவி வழக்கில் அந்த அமர்வும் இதையே உறுதி செய்தது. தீர்ப்பு நாடு முழுவதற்கும் பொருந்தும். கோபாலபுரம் தாண்டினாலும் வாளையார் தாண்டினாலும் மாறாது.

எடையை ஆர்.சி. புத்தகத்தில் பாருங்கள். 'மொத்த எடை' என்று இருப்பதுதான் கணக்கு, காலி வண்டியின் எடை அல்ல. டாடா ஏஸ், பொலேரோ பிக்-அப் எல்லாம் 7,500-க்கு வெகுவாகக் கீழேதான். நீளமான பாடி கட்டிய சிறு லாரிகளில்தான் ஏமாற வேண்டிவரும். பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும், ஒன்று 7,500-க்குக் கீழே, இன்னொன்று மேலே. மேலே போனால் கனரக லைசென்ஸ் வேண்டும். அதற்கு எல்.எல்.ஆர். போடவே, இலகு ரக லைசென்ஸ் எடுத்து ஓராண்டு ஆகியிருக்க வேண்டும். வயது 20 ஆகியிருக்க வேண்டும். ஆபத்தான சரக்கு ஏற்றும் வண்டிக்கு இந்தச் சலுகை கிடையாது. அளவுக்கு மேல் லோடு ஏற்றினால் அது வேறு கேஸ். லைசென்ஸ் அதைக் காப்பாற்றாது.

2005-ல், 20 வயசுல லைசென்ஸ் எடுத்தேனுங்க. கார்டை எடுத்துப் பாத்தா தேதி போயி எட்டு மாசம் ஆச்சு. 30 நாள் சலுகை உண்டுன்னு சொன்னாங்க. அபராதம் கட்டிப் புதுப்பிச்சா பழைய தேதியில இருந்தே செல்லுமுங்களா?
*— கோபிசெட்டிபாளையம் வாசகர்*

இரண்டுமே இல்லை. முடிந்த பிறகும் 30 நாள் செல்லும் என்றிருந்த சலுகையை 2019 திருத்தத்தில் எடுத்துவிட்டார்கள். புதுப்பித்தால் புதுப்பித்த நாளில் இருந்துதான் செல்லும். நடுவில் உள்ள எட்டு மாதமும் சட்டப்படி நீங்கள் லைசென்ஸ் இல்லாதவர். அந்த இடைவெளியில் விபத்து நடந்திருந்தால், இன்றைக்குப் புதுப்பித்து அதை மூட முடியாது.

எட்டு மாதம்தான் ஆகிறது என்பதால் ஒரு தொல்லையில் இருந்து தப்பினீர்கள். ஓராண்டு தாண்டிவிட்டால் ஓட்டிக் காட்டும் தேர்வுக்கு மறுபடி போக வேண்டும். இப்போதே மத்திய அரசின் 'சாரதி' இணையதளத்தில் தமிழ்நாட்டைத் தேர்ந்து, லைசென்ஸ் புதுப்பித்தலுக்கு விண்ணப்பியுங்கள். உங்களுக்கு 40 தாண்டிவிட்டதால் பதிவு பெற்ற டாக்டரிடம் படிவம் 1-ஏ வாங்க வேண்டும். கண்ணாடி போடுகிறவராக இருந்தால் போட்டுக்கொண்டே போங்கள்; கண் பரிசோதனையைக் கண்ணாடியோடு எழுதுவார்கள். அடிப்படைக் கட்டணம் 200 ரூபாய். தாமதம் ஆண்டுக்கணக்கில் நீண்டால் ஆண்டுக்கு 1,000 ரூபாய் வீதம் ஏறும். கார்டு கைக்கு வரும்வரை வண்டியை வேறு யாராவது ஓட்டட்டும்.

மற்ற வாசகர்களும் இன்றே கார்டைத் திருப்பிப் பாருங்கள். பழைய விதியில் லைசென்ஸ் 20 ஆண்டு, அல்லது 50 வயதுவரை, எது முந்தியோ அதுவரை. இப்போது 30 வயதுக்குள் எடுத்தால் 40 வயதுவரை. 30 முதல் 50 வரை பத்தாண்டு. 50 முதல் 55-க்குள் எடுத்தால் 60 வரை. அதற்கு மேல் ஐந்தைந்து ஆண்டு. லாரி, பஸ் ஓட்டுகிறவர்கள் கார்டில் இரண்டு தேதி இருப்பதைக் கவனியுங்கள். 'டி.ஆர்.' (டிரான்ஸ்போர்ட்) என்று போட்டிருக்கும் தேதிதான் உங்கள் பிழைப்புக்கானது. அது ஐந்தாண்டுக்கு ஒருமுறை முடியும். முடிவதற்கு ஓராண்டு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம்.

என் தம்பிக்கு 22 வயது. லைசென்ஸ் இல்லாமல் பைக்கில் போனபோது காங்கேயம் ரோட்டில் எதிர்த்திசையில் வந்த லாரி மோதிவிட்டது. தம்பியிடம் லைசென்ஸ் இல்லாததால் இழப்பீடு கேட்க முடியாது என்கிறார்கள். உண்மையா?
*— ஒரு வாசகர், வெள்ளகோவில்*

உண்மை இல்லை. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியது ஒரு குற்றம்; விபத்துக்கு யார் காரணம் என்பது வேறு கேள்வி. லைசென்ஸ் இல்லை என்பதாலேயே அவர் பேரிலும் தவறு உண்டு என்று கழித்துவிட முடியாது என்று சுதிர் குமார் ராணா வழக்கில் 2008-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. லாரி தவறான பக்கம் வந்தது என்பதை நிரூபித்தால் லாரியின் இன்சூரன்ஸ்தான் கொடுக்க வேண்டும்.

அதை நிரூபிப்பது போலீஸ் வரையும் மாதிரி வரைபடம். வண்டிகள் விழுந்து கிடந்த இடம், டயர் தேய்ந்த தடம், சாலையின் அகலம் எல்லாம் அதில் சரியாக ஏறியிருக்கிறதா என்று உடனே நகல் வாங்கிப் பாருங்கள். முதல் தகவல் அறிக்கை, ஏ.ஆர். காப்பி, காயச் சான்று, மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை, மருந்து பில்கள், வேலைபார்த்த இடத்துச் சம்பளச் சான்று, இவ்வளவையும் சேர்த்து, விபத்து நடந்த நாளில் இருந்து ஆறு மாதத்துக்குள் மனுவைப் போட்டுவிடுங்கள். உங்கள் பைக் பாலிசியில் உரிமையாளர்-ஓட்டுநருக்கு உள்ள 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீட்டை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். அதற்குச் செல்லுபடியாகும் லைசென்ஸ் நிபந்தனை.

செல்போன் பேசிக்கிட்டே ஓட்டினதுக்கு மூணு மாசம் லைசென்ஸை நிறுத்தி வெச்சுட்டாங்க. பக்கத்து ஆபீசுக்குத்தானே, ஸ்கூட்டர்ல போய்ட்டு வரலாமுங்களா?
*— கோவை வாசகர்*

கூடாது. நிறுத்தி வைத்த காலத்தில் ஓட்டினால் 182-ஆம் பிரிவு. மூன்று மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய், அல்லது இரண்டும். லைசென்ஸே எடுக்காதவருக்கு 5,000, நிறுத்தியதைத் தெரிந்து ஓட்டியவருக்கு அதில் இரட்டிப்பு. கார் ஓட்டியபோதுதான் பிடித்தார்கள் என்று ஸ்கூட்டருக்கு விலக்குத் தேடாதீர்கள். உத்தரவில் எந்தெந்த வகை என்று எழுதியிருக்கும், படியுங்கள். உத்தரவு தவறு என்று நினைத்தால் 30 நாளுக்குள் மேல்முறையீடு உண்டு. நிறுத்தி வைப்பது லைசென்ஸ் வழங்கும் அதிகாரிதான். போலீஸ் பரிந்துரைத்து அனுப்புவார்கள். ஆகவே ஸ்டேஷனில் போய் நிற்பதில் பயனில்லை.

சுருக்கமாகச் சில

*லைசென்ஸ் உண்டு, வீட்டில் வைத்துவிட்டேன் (பெருந்துறை):* இது லைசென்ஸ் இல்லாத கேஸ் அல்ல, காட்டத் தவறிய கேஸ். முதல் முறை 500, அடுத்து 1,500. செல்போனில் டிஜிலாக்கர் அல்லது எம்பரிவாகன் செயலியில் உள்ள லைசென்ஸை ஏற்றாக வேண்டும். கேலரியில் இருக்கும் போட்டோவுக்கு அந்த மதிப்பு இல்லை. எதுவும் கையில் இல்லாவிட்டால், சான்றிட்ட நகலை 15 நாளுக்குள் நேரிலோ பதிவுத் தபாலிலோ காட்ட விதி 139 இடம் தருகிறது. போலீஸ் 5,000-க்குச் சலான் போட முயன்றால், லைசென்ஸ் எண்ணைச் சொல்லி அவர்கள் கருவியிலேயே பார்க்கச் சொல்லுங்கள்.

*எல்.எல்.ஆர். வைத்துக்கொண்டு நண்பனைப் பின்னால் ஏற்றலாமா (ஈரோடு):* அந்த நண்பரிடம் அந்த வகை வண்டிக்கு லைசென்ஸ் இருந்து, அவர் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்திருந்தால் சரி. வேறு யாரையும் ஏற்றக் கூடாது. முன்னும் பின்னும் வெள்ளைப் பின்னணியில் சிவப்பு 'எல்' வேண்டும். பலகை 18 சென்டிமீட்டர் சதுரத்துக்குக் குறையக் கூடாது, எழுத்து 10 சென்டிமீட்டர் உயரம். இந்த நிபந்தனைகளோடு ஓட்டினால் இன்சூரன்ஸ் கணக்கில் நீங்கள் லைசென்ஸ் உள்ளவர்தான்.

*தோட்டத்துக்குள் டிராக்டர் ஓட்ட லைசென்ஸ் வேண்டுமா (தாராபுரம்):* சட்டம் கேட்பது பொது இடத்தில் ஓட்ட. சொந்தக் காட்டுக்குள் உழுவதற்கு வேண்டாம். ஆனால் இட்டேரியில் (வேலிகளுக்கு நடுவே போகும் வண்டித்தடம்) இறங்கினால் வேண்டும். ஊரார் போகவர உரிமையுள்ள வழி எதுவும் சட்டத்தில் பொது இடம்தான், தார் போட்டிருக்க வேண்டிய அவசியமில்லை. டிராக்டர் லைசென்ஸ் உள்ளவர் டிரெய்லர் மாட்டி ஓட்டினால் லைசென்ஸ் செல்லாமல் போகாது. நாகசெட்டி வழக்கில் 2001-இல் தீர்ந்த விஷயம்.

*போலீஸ் வண்டியைப் பிடித்து வைக்க முடியுமா (பவானி):* முடியும், 207-ஆம் பிரிவு. அபராதம் கட்டிவிட்டாலும், ரசீதைக் காட்டி நீங்களே ஓட்டிக்கொண்டு போக முடியாது. லைசென்ஸ் உள்ள ஒருவரை வரச்சொல்லி அவரிடம் சாவியைக் கொடுக்க வேண்டும்.

தறிப் பட்டறைக்கு ஒடிசாவில் இருந்து வந்த ஒருவரை வேன் ஓட்ட வைக்கலாம் என்று இருக்கிறோம். அந்த ஊர் லைசென்ஸ் இங்கே செல்லுமா? அசலா போலியா என்று எப்படிப் பார்ப்பது?
*— பள்ளிபாளையம் வாசகர்*

செல்லும். எந்த மாநிலத்தில் எடுத்தாலும் இந்தியா முழுவதும் செல்லும். சரிபார்ப்பது ஐந்து நிமிட வேலை. மத்திய அரசின் 'பரிவாகன்' இணையதளத்தில் 'லைசென்ஸ் நிலை' பகுதியில் எண்ணையும் பிறந்த தேதியையும் போட்டால் வழங்கிய அலுவலகம், எந்தெந்த வகை வண்டி, எதுவரை செல்லும் எல்லாம் வரும். கார்டில் உள்ளதோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பாருங்கள். எண்ணையும் படியுங்கள்: முதல் இரண்டு எழுத்து மாநிலம், அடுத்த இரண்டு இலக்கம் ஆர்.டி.ஓ. அலுவலகம், அடுத்த நான்கு வழங்கிய ஆண்டு, மீதி ஏழு வரிசை எண். அந்த ஆண்டில் ஆளுக்கு வயது 15 என்று கணக்கு வந்தால், அந்தக் கார்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

திரையில் வரும் பக்கத்தைத் தேதியோடு அச்சடித்து, கார்டின் நகலோடு அவரது கோப்பில் வையுங்கள். அவரை ஒரு சுற்று ஓட்டிக் காட்டவும் சொல்லுங்கள். லைசென்ஸைப் பார்த்து, ஓட்டத் தெரிகிறதா என்றும் பார்த்து வேலைக்கு வைத்த உரிமையாளர், பின்னால் அந்தக் கார்டு போலி என்று தெரிய வந்தாலும் பொறுப்பாக மாட்டார். அவருக்குத் தெரியும் என்று இன்சூரன்ஸ் கம்பெனி நிரூபித்தால்தான் பிடிக்க முடியும். லேரு வழக்கில் 2003-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இது. செல்லும் காலம் முடியும் தேதியைக் கணக்குப்பிள்ளையின் காலண்டரில் குறிக்கச் சொல்லுங்கள். அந்த ஒரு தேதி யாருக்கும் ஞாபகம் இருப்பதில்லை.